பூனைக்கு மூச்சு வாங்கினால்…

கேள்வி: ஓணானைத் துரத்திவிட்டு வரும் எங்கள் பூனை, நாய் மாதிரி வாயைத் திறந்து இரைக்கிறது. வெயிலா, வியாதியா?
(வாசகர், அகரம், திண்டுக்கல்)

பதில்: ‘நாய் மாதிரி’ என்றீர்களே, சங்கதியே அதில்தான் இருக்கிறது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது நாய்க்குச் சூட்டைத் தணிக்கும் அன்றாட வழி. பூனையோ ரோமத்தை நக்கி ஈரமாக்கி, நிழலில் நீட்டிப் படுத்துச் சமாளிக்கும். வாய்க்குத் திண்டுக்கல் பூட்டு போட்டதுபோல மூக்கால்தான் மூச்சு விடும். பூட்டு திறந்தால் காரணம் இருக்கிறது. வெயில் என்றால் நிழலில் படுத்த சில நிமிடங்களில் அடங்க வேண்டும். சின்ன ஓட்டத்துக்கே அடிக்கடி இரைத்தால் ஆஸ்துமாவாகவோ, இதயத் தசை தடிக்கும் நோயாகவோ இருக்கலாம்.

‘நன்றாகத்தானே தின்கிறது?’ என்பீர்கள். நோயை மறைப்பதில் பூனை கைதேர்ந்தது. இதயம் பழுதானாலும் கருவாட்டை விடாது. ஆகவே தட்டைப் பார்க்காமல், அது அசந்து தூங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். (குர்குர் என்று கொஞ்சிக்கொண்டிருந்தால் கணக்கு தப்பும்.) நிமிடத்துக்கு 30-ஐத் திரும்பத் திரும்பத் தாண்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இரைப்பதைச் செல்போனில் படம்பிடித்துப் போங்கள். அங்கே மேஜையில் அது பரம சாது வேஷம் போடும். ஈறு நீலம் பாய்ந்தாலோ, சும்மா இருக்கும்போதே கழுத்தை நீட்டித் திணறினாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். வாயில் தண்ணீர் புகட்டாமல், காற்றோட்டமான கூடையில் வைத்து, உடனே ஆட்டோ பிடியுங்கள்.