நூல்கால் விருந்தாளி

கேள்வி: வீட்டுப் பின்சுவரில் நூல் போன்ற கால்களோடு ஒரு பூச்சி. காலில் சிவப்புப் பொட்டுகள் வேறு. இது சிலந்தியா, சிற்றுண்ணியா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: இரண்டும் இல்லை, இது ஹார்வெஸ்ட்மேன். சிலந்திக்கு இடுப்பு உண்டு, இதற்குக் கிடையாது. தலையும் வயிறும் சேர்ந்து ஒரே உருண்டை. முதுகில் சின்ன மேடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு கண். வலை பின்னாது, விஷமும் இல்லை. மிக நீளமான இரண்டாம் ஜோடிக் கால்களால் தடவித் தடவி வழி அறியும்.

அப்படியானால் சிற்றுண்ணி எங்கே? அந்தச் சிவப்புப் பொட்டுகள்தாம்! ஆறே கால்கள் கொண்ட குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகின்றன. மாட்டின் மேல் உண்ணி இருப்பதைப் போலத்தான். உண்ணியைப் பார்த்துவிட்டு மாட்டை உண்ணி என்போமா?

உண்மையில் குழப்புவது இலங்கைக் காடுகளின் பெட்டாலஸ். சில மில்லிமீட்டர் உடல், குட்டைக் கால்கள். அசல் சிற்றுண்ணி போலவே இருக்கும் ஹார்வெஸ்ட்மேன் அது. லென்ஸ் வைத்து வயிற்றைப் பாருங்கள். வரிவரியாகக் கண்டங்கள் தெரிந்தால் ஹார்வெஸ்ட்மேன்; பெரும்பாலான சிற்றுண்ணிகளில் அவை தெரியா.

ஒரு வேண்டுகோள்: காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். போன கால் மறுபடி முளைக்காது.