பழைய சைக்கிள்: கேளுங்கள், மிதியுங்கள்!

காலையில் கடைத்தெரு, மாலையில் கோயில். இதற்குக் கியர் சைக்கிள் வேண்டுமா?
*(ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)*

உங்கள் ஊரில் ஏற்றம் என்றால் விலைவாசி மட்டும்தான். பழைய சாதா சைக்கிளே போதும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 21 கியர் வண்டிகள் பலவற்றில் கேரியர் இருக்காது. தேங்காய்ப் பையைக் கியரிலா மாட்டுவீர்கள்?

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?
*(கல்லூரி மாணவர், திருச்சி)*

பெயின்டைப் பார்க்காதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அதை அடித்திருக்கிறார்கள். ஃப்ரேமைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில் மடிப்போ விரிசலோ இருந்தால், எங்கோ மோதிய வண்டி. டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் மாற்றலாம். ஃப்ரேமை மாற்றினால் அது வேறு சைக்கிள்.

பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடுகிறது. 'ஓட ஓடச் சரியாகும்' என்கிறாரே கடைக்காரர்?
*(வங்கி ஊழியர், மதுரை)*

ஓட ஓடச் சரியாக அது புதுச் செருப்பா? சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ரிம் இடமும் வலமும் போனால் கோட்டம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் அசைக்கும்போது லொடலொடவென்றால் கோன், பால்ரஸ் வேலை. இரண்டுமே சின்னச் செலவுதான். ஆனால் அதை விலையில் கழிக்க வேண்டியது நீங்கள்.

செயின் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?
*(தச்சர், நாகர்கோவில்)*

உங்களிடம் இல்லாத ஸ்கேலா! ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒரு நூல் கூடியிருந்தால் செயினோடு ஃப்ரீவீல் பல்லும் போயிருக்கும். இரண்டின் விலையையும் சொல்லிப் பேரத்தைத் தொடங்குங்கள்.

நான் குள்ளம். 'சீட்டை இறக்கிக்கலாம்' என்கிறார் கணவர்.
*(இல்லத்தரசி, தஞ்சாவூர்)*

சீட்டை இறக்கலாம், பாரை இறக்க முடியுமா? இரு காலையும் தரையில் ஊன்றி நின்றால் பார் உடம்பில் இடிக்கக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து, கீழே வந்த பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசு முழங்கால் தைலத்துக்குப் போகும்.

அடிமாட்டு விலைக்கு ஒன்று வருகிறது. ரசீது கேட்டால் சிரிக்கிறார்.
*(கடை உதவியாளர், சென்னை)*

சிரிப்புக்கு ரசீது கிடையாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு காத்திருக்கிறது. வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பரைத் தேடுங்கள். சில வண்டிகளில் சீட்டுக் குழாயில் இருக்கும். அரத்தால் ராவியிருந்தால் நடையைக் கட்டுங்கள். நம்பர் தெளிவாக இருந்தால், அதைக் குறிப்பிட்டு விற்பவரின் கைப்பட எழுதி வாங்குங்கள்.

சைக்கிள் வாங்கினால் தொப்பை குறையுமா?
*(பெயர் வேண்டாம், கோவை)*

வாங்கினால் பர்ஸ்தான் இளைக்கும். தொப்பைக்கு மிதிக்க வேண்டும்.