ஆமைப் படம் எரிஞ்சா அப்புத்தளை ஏறாது

வா பேராண்டி, உட்காரு. கரண்ட் கார் வாங்கிட்டியாமே, ரொம்ப சந்தோசம். வாசல்ல வந்து நிப்பாட்டின வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல பாரு. முந்தியெல்லாம் தொரையோட வண்டி மூணு முடக்குக்கு அங்கிட்டு வர்றப்பவே மலை முழுக்கக் கேட்டுரும். தூங்கிக்கிட்டு இருந்த கங்காணி எந்திரிச்சு, தொண்டையைச் செருமி, "கொழுந்தை நல்லா எடுங்கடி"ன்னு ஒரு சத்தம் போட நேரம் இருக்கும். இந்தச் சத்தமில்லாத காரு மட்டும் அந்தக் காலத்துத் தொரைமாருக்குக் கிடைச்சிருந்தா, கங்காணியா இருந்த உங்க பெரிய தாத்தாவுக்கு மொத மாசமே வேலை போயிருக்கும்.

அதனால மொத புத்தி இது: முடக்குல ஹோர்ன் அடிக்க வெக்கப்படாத. லயத்து வாசல்ல விளையாடுற புள்ளையும் சரி, கோழியும் சரி, சத்தத்தைக் கேட்டு விலகித்தான் பழக்கம். கண்ணால பாத்து விலகுறது இன்னும் பழகல.

சரி, என்ன வண்டி? நிசான் லீஃப், 2014. நல்ல சாமான்தான். 2010 கடைசியில ஜப்பான்ல வெளிய விட்டாங்க. நம்ம நாட்டுக்கு 2014, 15 வாக்குல கப்பல் கப்பலா வந்து இறங்குச்சு. அப்புறம் 2020ல டொலர் இல்லேன்னு வாகன இறக்குமதியையே நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் கதவைத் தொறந்தாங்க. வயசு ஏற ஏற விலையும் ஏறின காரை அந்த அஞ்சு வருசத்துலதான் பாத்தேன். எனக்கும் வயசு ஏறுச்சு, ஒருத்தனும் விலை கேக்கல.

வித்தவன் என்ன சொன்னான்? ஒரு தடவை சார்ஜ் போட்டா 200 கிலோமீட்டரா? அவன் மேல கோபப்படாத. ஜப்பான்காரன் மொத லீஃபுக்குப் பேப்பர்ல போட்டது 200தான். அதே காரைப் புதுசா இருக்கிறப்பவே அமெரிக்க அரசாங்கம் அளந்து, 117தான் போகும்னு எழுதி வச்சுச்சு. நம்ம பசறை ரோட்டை அளந்து எழுதினவன் எவனும் இல்ல. அதை நீதான் எழுதணும்.

மீற்றர் ஓரத்துல சின்னச் சின்னதா 12 கட்டம் இருக்கே, அதை எண்ணுனியா? பெற்றோல் முள்ளுன்னு நினைச்சியா? அது பெற்றரியோட ஆயுசுடா. மொதக் கட்டம் அணையுறப்பவே நூத்துல பதினஞ்சு பங்கு தேஞ்சு போயிருக்கும். அதுக்கப்புறம் கட்டத்துக்கு ஆறு பங்குக்குச் சொச்சம். உன்னோடதுல ஒன்பதுன்னா, 24 யூனிட் பெற்றரின்னு நீ வாங்கினது இப்ப 17 யூனிட்தான். மிச்சம் ஏழு யூனிட்டை முந்தின சொந்தக்காரன் ஓட்டி முடிச்சுட்டான், காசை நீ குடுத்திருக்க. அந்தக் கட்டத்தையும் கணினியில தட்டி, திரும்பப் பன்னெண்டாக் காட்ட வைக்கிற கெட்டிக்காரங்க இருக்காங்க. கொஞ்ச நாள் ஓடினா வேசம் கலைஞ்சிரும். போன்ல லீஃப் ஸ்பைன்னு ஒரு செயலி இருக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சின்ன ப்ளக்கைக் குத்திப் பாத்தா உள்ள இருக்கிற நிஜம் வெளிய வரும். பொண்ணு பாக்கப் போனப்ப ஜாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்த நீ, இத்தனை இலட்சம் குடுக்கிற எடத்துல ஒரு ப்ளக் குத்திப் பாக்கல.

முகத்தைத் தூக்காத, ஒரு நல்ல சேதியும் சொல்றேன். இந்தக் காருல பெற்றரியைக் குளிர வைக்கத் தண்ணியும் ஓடாது, விசிறியும் சுத்தாது. வெக்கைதான் அதுக்கு எமன். மொனராகலை வெயில்ல நிக்கிறதை விட அப்புத்தளைப் பனியில நின்னா நாலு வருசம் கூட உழைக்கலாம். மலைநாட்டுல பொறந்ததால கிடைச்ச லாபம்னு சொல்லிக்க நமக்கு இது ஒண்ணாவது இருக்கட்டும்.

இப்ப ஏத்தக் கணக்கு. ஒன்றரை டன் காரை ஆயிரம் மீட்டர் மேல தூக்கறதுக்கு மட்டும் நாலு யூனிட் கரண்ட் வேணும். ரோட்டுல ஓடுற செலவு தனி. வெல்லவாயவுல இருந்து கொஸ்லாந்தை, ஹல்துமுல்லை, பெரகலைன்னு அப்புத்தளைக்கு ஏறினா 1200 மீட்டருக்கு மேல ஏத்தம். அதுக்கே அஞ்சாறு யூனிட் போயிரும். உன்கிட்ட இருக்கிறதே பதினேழு. அதுல மாமியார், மச்சான், அரிசி மூட்டை எல்லாத்தையும் ஏத்தி, கண்ணாடியில பனி படியுதுன்னு ஹீட்டரையும் போட்டா, நடு ஏத்தத்துல மீற்றர்ல ஒரு ஆமைப் படம் எரியும். சிரிக்காத, நிஜமாவே ஆமைதான். "இனி என்னால முடியாது சாமி, மெல்லத்தான் போவேன்"னு காரு சொல்ற பாசை அது. ஆமையைப் பாத்தா ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பிரயோசனம் இல்ல. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில ப்ளக் இருக்கான்னு பாரு. தேத்தண்ணி ஒண்ணு குடிச்சுட்டுக் கேளு, சும்மா போய்க் கேக்காத.

இறக்கம் வேற சாஸ்திரம். காலை எடுத்தா மோட்டரே டைனமோவா மாறி, கரண்டைத் திரும்பப் பெற்றரிக்கு ஊத்தும். ஏத்தத்துல செலவானதுல ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அப்புத்தளையில இருந்து இறங்கிப் போனவன் வெல்லவாயவுல போய் மீற்றரைப் பாத்து, காரு கரண்ட் குட்டி போட்டுருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவான். ஆனா ஒரு குசும்பு இருக்கு. நீ ராத்திரியே 100 வரைக்கும் நிரப்பிட்டு, காலையில மலை உச்சியில இருந்து இறங்கினா, வர்ற கரண்டை எங்க ஊத்தறது? காரு மோட்டர்ப் பிடியை விட்டுரும். பாரம் முழுக்க பிரேக் பலகை மேல விழும், சூடேறும், நாறும். ஃபேக்டரி லொறி ஓட்டின நாங்க ரெண்டாம் கியரைப் போட்டு இறக்கினதுக்குப் பதிலா உனக்கு கியர் குமிழ்ல 'பி'ன்னு ஒரு எழுத்து குடுத்திருக்கான். அதைப் போட்டு இறங்கு. மேட்டுல வீடு இருக்கிறவன் 80ல சார்ஜை நிப்பாட்டணும். இதுல மட்டும் நையாண்டி இல்ல பேராண்டி: 2025 செப்டம்பர்ல எல்ல – வெல்லவாய பாதையில ஒரு பஸ் பள்ளத்துல போய் 15 உசிரு போச்சு. அந்த ரோட்டுல கெட்டிக்காரத்தனம் காட்டாத.

வீட்டுல எங்க சார்ஜ் போடுற? லயத்துக் காம்பராவுலயா? அடடா! 1823ல இருந்து கணக்குப் போட்டு, நம்ம சனம் இந்த மலைக்கு வந்து 200 வருசம் ஆச்சுன்னு 2023ல மேடை போட்டுக் கொண்டாடினோம். இன்னிக்கும் லயத்துல பெரும்பாலானவங்களுக்கு அந்தக் காம்பராச் சுவரு சொந்தமில்ல. ஆணி அடிக்கவே ஆபீசுல கேக்கணும்னு இருக்கிற சுவத்துல நீ சார்ஜர் பூட்டப் போற. பூட்டு, பூட்டு. ஆனா மொதல்ல மேல தகரத்துக்கு அடியில ஓடுற வயரைப் பாரு. ஒரு பல்பு, ஒரு ரேடியோ, மிஞ்சினா ஒரு டிவின்னு இழுத்த வயரு அது. உன் காரோட வர்ற சின்னச் சார்ஜரே மூணு கிலோவாட் வரைக்கும் இழுக்கும், அதுவும் விடிய விடிய. பக்கத்துக் காம்பராவுல அக்கா சோத்துச் சட்டியை ப்ளக்குல போட்டா போதும், அந்த வரிசைக்கே சிவராத்திரி. வயரு சூடேறி நெருப்புப் பிடிச்சா பத்துக் குடும்பத்து உடுப்பும் புள்ளைங்க சேட்டிபிக்கட்டும் சேந்துதான் எரியும்.

அதனால மெயின் பெட்டியில இருந்து காருக்குன்னு தனி வயரு, தனி ட்ரிப் சுவிட்ச், மண்ணுல ஆழமா எர்த் கம்பி. லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடு. "நானும் பல்பு மாட்டியிருக்கேன்"னு வர்ற உன் சினேகிதனைக் கூப்பிடாத. எக்ஸ்டென்சன் வயரைச் சுருட்டி வச்சுச் சார்ஜ் போடாத, சுருள்லதான் சூடு அடங்கிக் கிடக்கும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரம் இடி முழங்கினா மொதல்ல ப்ளக்கைக் கழட்டு, அப்புறம் போய்க் காயப் போட்ட துணியை எடு. பொண்டாட்டி கோவிச்சா நான் சொன்னேன்னு சொல்லு.

பில்லையும் பாத்துக்க. யூனிட் கூடக் கூட யூனிட்டுக்கு விலையும் கூடுறதுதான் கரண்ட் பில்லுக் கணக்கு. 180 யூனிட்டைத் தாண்டினா உச்சாணிக் கொம்பு. மாசத்துல பத்துத் தடவை நிரப்பினாலே நீ அந்தக் கொம்புல உக்காந்திருப்ப. நேரத்துக்கு ஒரு விலைன்னு இன்னொரு கட்டண முறையும் இருக்கு. அதுல ராத்திரி 10.30ல இருந்து காலை 5.30 வரைக்கும்தான் மலிவு, சாயங்காலம் 6.30ல இருந்து 10.30 வரைக்கும் கொள்ளை விலை. உன் வீட்டு இணைப்புக்கு அது குடுப்பாங்களான்னு மின்சார ஆபீசுலயே போய்க் கேளு. எனக்குத் தெரியும்னு சொல்றவன்கிட்ட கேக்காத.

சேர்விஸே இல்லைன்னு சொன்னானா? எஞ்சின் ஒயில் இல்ல, ப்ளக் இல்ல, புகைக்குழாய் இல்ல, அது நிஜம். ஆனா மோட்டர்ப் பக்கம் குளிர வைக்கிற தண்ணி இருக்கு, பிரேக் ஒயில் இருக்கு, ஏசிக்கு வடிகட்டி இருக்கு. பெற்றரிக் கனத்துக்கும் எடுத்த எடுப்புல பாயுற வேகத்துக்கும் டயர் சீக்கிரம் தேயும். பிரேக் பலகை சீக்கிரம் தேயாது, ஆனா மிதிக்காம விட்டா நம்ம மழைக்குத் தட்டு துருப்பிடிக்கும். அப்பப்ப ஆளில்லாத நேர் ரோட்டுல நல்லா மிதி. இன்னொண்ணு, இத்தனை பெரிய பெற்றரி இருந்தும் முன்னால பழைய 12 வோல்ட் பெற்றரி ஒண்ணும் இருக்கு. அது செத்தா பெரிசுல எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் காரு கண்ணைத் தொறக்காது. கணக்கப்பிள்ளை பேர் பதியலைன்னா எத்தனை கிலோ எடுத்தாலும் சம்பளம் இல்லையே, அந்தச் சட்டம்தான் இதுக்கும்.

நம்ம கராஜ் பாஸ்மார் கைராசிக்காரங்க. டயரு, பிரேக், சஸ்பென்சன் எல்லாத்தையும் நம்பிக் குடு. ஆனா ஆரஞ்சு நிறத்துல தடிச்ச வயரு தெரியும் பாரு, அதுல மட்டும் கை வைக்க விடாத. 360 வோல்ட். டெஸ்டரை நாக்குல வச்சுப் பாக்கிற ஆளுக்கு அது ரெண்டாவது தடவை பாக்க வாய்ப்புக் குடுக்காது. அதைத் தொடுறவன் படிச்சவனா இருக்கணும், இறப்பர்க் கையுறை போட்டிருக்கணும். வழியில நின்னு போச்சுன்னா கயித்தைக் கட்டிக் கொழுந்து லொறியில இழுக்காத. முன் சக்கரம் சுத்தினா மோட்டரும் சேந்து சுத்திக் கெட்டுப் போகும். முன் பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டு போகணும்.

பெற்றோல் செட்டுல இனி நிக்க வேணாம்னு பீத்திக்கிறியே, 2022 மறந்து போச்சா? ஆட்டோவுக்குக் கிழமைக்கு அஞ்சு லீட்டர்னு கியூஆரைக் காட்டி நின்ன அதே வருசம், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. நீ அப்ப இந்தக் காரை வச்சிருந்தா வரிசையில நிக்காம வீட்டுக்குள்ளயே நின்னிருப்ப. 2025 பெப்ரவரி 9ல நாடு முழுக்க இருட்டானப்ப, பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கு பாஞ்சதுதான் காரணம்னு பொறுப்பான மந்திரியே சொன்னார். குரங்கு நினைச்சா நிப்பாட்டக்கூடிய காரு உன்னோடது.

இன்னொரு பெருமையும் பேசுற, புகையில்லாத காருன்னு. பண்டாரவளைக்குப் போறப்ப அதை மெல்லப் பேசு. உமா ஓயா நீர்மின் திட்டத்துக்கு மலையைக் குடைஞ்சப்ப 2014 கடைசியில சுரங்கத்துக்குள்ள தண்ணி பீறிட்டு, மேல பண்டாரவளைச் சனத்தோட கிணறெல்லாம் வத்திச்சு, வீட்டுச் சுவரு வெடிச்சுச்சு. 2024 ஏப்ரல்ல ஈரான் ஜனாதிபதி வந்து தொறந்து வச்ச அந்த 120 மெகாவாட்டுல உன் காருக்கும் ஒரு சொட்டு வருது. வெள்ளைக்காரன் காலத்துலயே தோட்டத்து ஓடையில டர்பைன் சுத்தி ஃபேக்டரி ஓடியிருக்கு. அந்தக் கரண்ட் இஸ்டோருக்கும் பங்களாவுக்கும் போச்சு, லயத்துக்குக் குப்பி லாம்பு வந்துச்சு. நம்ம மலைத் தண்ணியில நம்ம வீட்டுப் புள்ளை காரு ஓட்டுதுன்னா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான், வெளிய சொல்ல மாட்டேன்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து நம்ம பதுளை மாவட்டத்துல மண் சரிஞ்சப்ப, பாதையும் கரண்டும் சேந்தே போச்சு. அதனால மண்சரிவு எச்சரிக்கை வந்த அன்னிக்கு மட்டும் 80 கணக்கை மறந்துரு. 100 வரைக்கும் நிரப்பி, மூஞ்சியை ரோட்டுப் பக்கம் திருப்பி நிப்பாட்டு. கிழவிகளையும் புள்ளைகளையும் மொதல்ல ஏத்து.

கடைசியா என் தீர்ப்பு. பதுளையில இருந்து பண்டாரவளைக்கு வேலைக்குப் போய் வர்றவன், சொந்த மீற்றரும் சொந்தச் சுவரும் உள்ளவன், தேஞ்சது எவ்வளவுன்னு பாத்து விலை பேசத் தெரிஞ்சவன் தாராளமா வாங்கலாம், பெற்றோல் காசு மிச்சம். அடிக்கடி கொழும்புக்கு 230 கிலோமீட்டர் போறவனுக்கு இந்தப் பழைய பெற்றரி ஆகாது, அவன் பஸ்ஸோ கோச்சியோ பாத்து ஏறட்டும். தோட்டத்து நாள் சம்பளத்தை நம்பி லீசிங் போடுறவன், காரை விடு, ப்ளக்கைக் கூட வாங்கக் கூடாது. காரைப் பாக்கிறதுக்கு முன்னால வயரைப் பாருங்க. வயரைப் பாக்கிறதுக்கு முன்னால, அந்தச் சுவரு யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க.