ஒரு வெட்டிக் கணக்கு

சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பவனைத்தான் ஊரில் கணக்கு எழுதக் கூப்பிடுவார்கள். அந்தப் பேனாவில் மை தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் தப்பு அங்கே.

2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். ஒரு குழுவுக்கு 24 பேர். பெற்றோர்தான் பெரும்பான்மை, பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த முறை முன்னாள் மாணவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் படிக்காதவரை எங்கே போய்த் தேடுவது? ஊரே முன்னாள் மாணவர்தான். அன்றைக்கு மற்றவர்கள் காட்டுக்குப் போயிருந்தார்கள், நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்படி உறுப்பினர் ஆனேன். வீட்டில் மட்டும் "ஒருமனதாத் தேர்ந்தெடுத்துட்டாங்க" என்று சொல்லிவைத்தேன்.

கொல்லிமலையில் ஊராட்சிக்கு நாடு என்று பேர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று 14 நாடுகள். கீழே போய் "நமக்குத் திண்ணனூர் நாடுங்க" என்று சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வேன், விசா வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி. ஆகவே குழுக் கூட்டம் நடந்த அந்த வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு ஏதோ ஒரு நாட்டின் பட்ஜெட்டையே தாக்கல் செய்யப்போகிற மிதப்பில்தான் பள்ளிக்கூடப் படியேறினேன்.

பட்ஜெட் எவ்வளவு என்றால், 12,500 ரூபாய்.

சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் பள்ளி மானியம் தலையை எண்ணித்தான் வரும். 30 பிள்ளைகளுக்கு மேல் 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000. எங்களுக்கு எண்பது சொச்சம் பிள்ளைகள், அதனால் 25,000. அந்த வருஷம் முதலில் பாதிதான் வந்தது. மீதி எப்போது என்று கேட்டால் பேச்சு டெல்லி வரை போகும். இந்தத் திட்டத்தில் 100 ரூபாய்க்கு 60 மத்திய அரசுடையது, 40 மாநில அரசுடையது. பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாகிவிடும் என்று தமிழ்நாடு போடவில்லை. போடாததால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் வரவில்லை. 2025 மே மாதம் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது.

இவ்வளவும் எனக்குத் தெரியும், டீக்கடைப் பேப்பரில் படித்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எழுந்து கரும்பலகைப் பக்கம் போனேன். 2,152 கோடி என்றால் எத்தனை சைபர் என்று தாய்மார்களுக்கு விளங்கவைக்கப்போகிறேனாம். எழுதி முடித்துத் திரும்பினால், ஜன்னலுக்கு வெளியே நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மாமா, ஒரு சைபர் கம்மி" என்றது. ஏழு சைபர் போடவேண்டிய இடத்தில் ஆறு போட்டிருந்தேன். ஒரே சைபரில் 1,936 கோடியே 80 லட்சத்தைக் காணாமலடித்துவிட்டேன். டெல்லிக்காரர்களாவது தேதி சொல்லித் தாமதிக்கிறார்கள்.

குழுத் தலைவி அக்காதான் என்னைக் காப்பாற்றினார். "அது வர்றப்ப வரட்டும் தம்பி. கக்கூஸுக்கு ஃபினாயில் இல்ல. அத முதல்ல எழுதுங்க."

எழுத முயன்றேன். பேனா எழுதவில்லை. அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமே பேனா கடன் வாங்கினேன்.

தலைமையாசிரியர் பட்டியலை வாசித்தார். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், குழாய்க்கு வாஷர், மோட்டருக்குக் கண்டென்சர், டியூப்லைட் இரண்டு, சாக்பீஸ், பதிவேடுகள். இதெல்லாம் பேசாமல் தலையாட்டவேண்டிய இனங்கள். அதற்குப் பிறகுதான் சண்டைக்கான இனங்கள் வந்தன: நாளிதழ்ச் சந்தா, வாலிபால் நெட், ஆண்டு விழாவுக்குக் கோலாட்ட உடை, ஓவியத்துக்குச் சார்ட்டும் வண்ணமும், மூலிகைத் தோட்டத்துக்கு வேலி, புத்தக அலமாரிக்குப் பூட்டு. விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் தனித்தனி மானியம் உண்டு. அது வந்து சேரும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

கூட்டிப் பார்த்தேன். கையில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு வந்தது. எதையாவது வெட்டவேண்டும். யார் வெட்டுவது? பதினைந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வில்லைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

வில் என்று சும்மா சொல்லவில்லை. இது வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். வருஷா வருஷம் ஆடியில் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கிறோம். நானும் ஒரே கோட்டில் ஐந்து இனத்தை அடித்தேன். நாளிதழ், கோலாட்ட உடை, ஓவியச் சாமான், தோட்ட வேலி, அலமாரிப் பூட்டு. ஓரி வேட்டையாடியதைப் பாணர்களுக்குக் கொடுத்தான் என்பார்கள். அந்த இடத்தில்தான் எங்கள் இருவருக்கும் வித்தியாசம்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. நாளிதழ் எதற்கு, செல்போனிலேயே வருகிறதே என்றேன். எனக்கு டீக்கடையில் ஓசியில் கிடைக்கிறது. கோலாட்டம் வீண் செலவு என்றேன். நாலாம் வகுப்பில் என் கோல் தவறி டீச்சர் நெற்றியில் பட்டு, ஆண்டு விழாவன்று என்னைத் திரை இழுக்கப் போட்டார்கள். ஓவியம் சோறு போடாது என்றேன். நான் வரைந்த பசுவைப் பார்த்து "மேசை நல்லா வந்திருக்குடா" என்று பாராட்டு வாங்கியவன் நான். பூட்டு விஷயத்தில்தான் குரலை உயர்த்தினேன்: "நம்ம ஊர்ல யாருங்க புத்தகத்தத் திருடறாங்க?" 1991-இல் அந்த அலமாரியிலிருந்து எடுத்துப்போன இரண்டு புத்தகங்கள் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. ஒன்றில் பள்ளி முத்திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

வாலிபால் நெட்டை மட்டும் தொடவில்லை. நான் பள்ளி அணிக்குக் கேப்டன். ஆடிய ஆட்டம் அத்தனையும் தோற்றோம், ஆனாலும் கேப்டன்.

இப்படி வெட்டியது நான் மட்டுமில்லை. கலிஃபோர்னியாவில் 1978-இல் ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் சுருங்கியது. எதை வெட்டலாம் என்று ஊர் ஊராகக் கூடிப் பேசியபோது பாட்டு வாத்தியாரும் நூலகரும்தான் முதலில் மாட்டினார்கள். அங்கேயும் கோலாட்டத்தில் கோல் தவறிய யாராவது ஒருவன் பேனாவோடு உட்கார்ந்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

ஓவிய டீச்சர் கடைசி பெஞ்சில் இருந்தார். பகுதிநேர ஆசிரியர். 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு எடுத்தார்களே, அதில் ஒருவர். காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறார். ஏறி ஏறிச் சம்பளமும் அப்போது 12,500-க்கு ஏறியிருந்தது. மே மாதம் மட்டும் கிடைக்கவில்லை. 12,500. அந்த எண்ணை மேலே எழுதி நான்தான் கோடு போட்டிருந்தேன். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் வந்த தவணைப் பணமும் அந்த அம்மாவின் ஒரு மாதச் சம்பளமும் ஒன்று என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"பரவால்லைங்க சார், சார்ட்டு நானே வாங்கிட்டு வந்துக்கறேன்" என்றார்.

நான் தீர்மானப் புத்தகத்தில் "ஓவியம்: செலவின்றி ஏற்பாடு செய்யப்பட்டது" என்று எழுதினேன். அழகான வாக்கியம் என்று எனக்குள் சந்தோஷம் வேறு.

இத்தோடு உட்கார்ந்திருக்கலாம். காமராஜரை இழுத்தேன். பணமில்லை என்று சொன்ன காலத்திலும் மதிய உணவு போட்டவர், 1965-இல் என்று முழங்கினேன். "1956, மாமா" என்றது ஜன்னல். பேனாவைத் திருப்பிக் கேட்குமோ என்று பயந்தேன்.

அப்போதுதான் தலைவி அக்கா, சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டார். "உங்க பொண்ணு இப்ப எத்தனாவது தம்பி?"

"ஒம்பதாவதுங்க்கா."

"எந்த ஸ்கூலு?"

அவருக்குத் தெரியாதா என்ன. ஆறாம் வகுப்பிலேயே மகளை மலை இறக்கி, கீழே ஒரு தனியார் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டேன். நாமக்கல் மாவட்டத்துக்கு மூன்று பெருமை: லாரி, முட்டை, ஹாஸ்டலோடு கூடிய பள்ளிக்கூடம். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துத்தான் ஜனங்கள் பிராய்லர் பள்ளி என்று பேர் வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டைகட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைக்கிறார்கள் என்று புகார் முற்றி, பதினொன்றுக்கும் 2018-இல் பொதுத்தேர்வு வைத்துப் பார்த்தார்கள். 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் சேர்த்தேன். மிளகு மகசூல் மொத்தமும் அங்கேதான் போகிறது.

என் மகளின் பள்ளியில் எந்தக் குழுவும் கூடவில்லை. ஆனால் ஓவியம் இல்லை, பாட்டு இல்லை, கோலாட்டம் இல்லை, நாளிதழ் இல்லை. விளையாட்டுப் பீரியட் கால அட்டவணையில் இருக்கிறது, அந்த நேரத்தில் கணக்குத் தேர்வு நடக்கிறது. சேர்க்கைக்குப் போன அன்று அந்த அட்டவணையை என்னிடம் காட்டி, "டைம் வேஸ்ட் எதுவும் கிடையாது சார்" என்றார்கள். எனக்குப் புல்லரித்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் பணமில்லாததால் எவையெல்லாம் போகுமோ, அவையெல்லாம் இல்லாமலிருக்கத்தான் நான் வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் கட்டுகிறேன்.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. "கீழ ஒரு ஸ்கூலுங்க்கா" என்று மட்டும் சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் எனக்குத்தான் கேவலம். மானியத்தில் பத்தில் ஒரு பங்கைத் துப்புரவுக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்பதை மறந்து கணக்குப் போட்டிருந்தேன். 1,250 ரூபாய் உதைத்தது. தாய்மார்கள் பத்து நிமிஷத்தில் அதை நேராக்கினார்கள். நாளிதழ் திரும்ப வந்தது. கோலாட்டத்துக்கு உடை வேண்டாம், வீட்டில் இருக்கும் சேலையே போதும் என்று அவர்களே முடித்தார்கள். சார்ட்டுக்கும் வண்ணத்துக்கும் 600 ரூபாய் எழுதச் சொல்லி, நான் எழுதிய அழகான வாக்கியத்தை நானே அடிக்கும்படி ஆயிற்று. பூட்டும் வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த இனம் வந்தபோது தலைமையாசிரியர் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. வேலியையும் நெட்டையும் அடுத்த தவணைக்குத் தள்ளினார்கள்.

கேப்டன் விடுவானா? "நெட்டு என் செலவு" என்று அறிவித்தேன். உண்மையில் வாங்கியபிறகு எப்படியாவது மானியத்தில் ஏற்றிவிடலாம் என்றுதான் திட்டம். மகளைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை கீழே ஒரு கடையில் பேரம் பேசி வாங்கினேன். விலையைக் குறைத்த சந்தோஷத்தில் பில் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. பில் இல்லாத சாமானைக் கணக்கில் ஏற்ற முடியாது என்று தலைமையாசிரியர் மரியாதையாகச் சொன்னார். இப்படியாக என் வாழ்நாளில் முதல் கொடை, பில் இல்லாத குறையால் நடந்தேறியது.

நெட் வந்துவிட்டது, கட்டக் கம்பம் இல்லை. அதற்கு யாரும் பட்ஜெட் போடவில்லை. நானும்தான்.

"உங்க தோட்டத்துல சில்வர் ஓக் நெட்டுக்குத்தா நிக்குதே, ரெண்டு குடுத்தா ஆச்சு" என்றார் தலைவி அக்கா.

"மிளகுக் கொடி ஏறியிருக்குதுங்க்கா, வெட்டினா கொடி போயிரும்."

"காஞ்சது ரெண்டு ஓரமா நிக்குதே. அதுல கொடி இல்லியே."

"மரத்த வெட்டறதுன்னா ஆபீஸ்ல கேக்கணுமுங்க்கா."

"கேளுங்க."

கேட்கிறேன் என்று சொல்லி நான்கு மாதம் ஆகிறது. 1,936 கோடியை ஒரு சைபரில் வெட்டியவன், ஐந்து இனத்தை ஒரே கோட்டில் அடித்தவன், காய்ந்த மரம் இரண்டைப் பார்த்து இப்படித் தயங்குவான் என்று அக்கா எதிர்பார்த்திருக்கமாட்டார். அது விறகுக்கு ஆகும், விலைக்குப் போனால் இரண்டாயிரம் வரும், பரீட்சைக் கட்டணம் என்று கீழே இருந்து ஏதாவது கேட்பார்கள்.

நெட் இப்போதைக்கு என் வீட்டு வாசலில் இருக்கிறது. களத்தில் காயும் மிளகைக் கோழி கிளறாமல் இருக்க விரித்துவைத்திருக்கிறேன். அதன் கண் பெரிசு. குஞ்சுகள் தாராளமாக உள்ளே போய் வருகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை விடுதி போனில் மகள் பேசினாள். மூன்று நிமிஷம்தான் தருவார்கள். அதில் ஒரு நிமிஷம் போனபிறகு, "அப்பா, ஸ்கூல்ல நெட்டு கட்டியாச்சா? லீவுக்கு வந்தா ஆடலாமா?" என்று கேட்டாள்.

"பேசிட்டு இருக்கோம்மா" என்றேன்.