கூரியர்காரரை விரட்டிய வீரன்

கேள்வி: தெருவில் யார் போனாலும் எங்கள் கோம்பை நாய் விடாமல் குரைக்கிறது. அதட்டினால் இன்னும் கூடுகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நீங்கள் கத்தினால், துணைக்கு ஆள் வந்துவிட்டது என்றுதான் அது நினைக்கும்! கூரியர்காரர் பார்சலைக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போகிறார். நாயோ தான் குரைத்து விரட்டியதாக நம்புகிறது. தினமும் ஜெயிக்கிற வேலையை யார் விடுவார்கள்? முதலில் கேட்டின் கம்பி இடுக்கைத் தகரம் வைத்து மறையுங்கள். பிறகு, மூச்சு வாங்க அது நிறுத்தும் அந்த நொடியில் 'போதும்' என்று மெதுவாகச் சொல்லி, சுண்டைக்காய் அளவு வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். குரைக்கும்போது கொடுத்தால் குரைப்புக்குச் சம்பளமாகிவிடும். அமைதி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். கோம்பை காவலுக்குப் பேர்போன இனம்; அதன் துடிப்பு கொஞ்சம் அடங்க, காலையிலேயே நன்றாக நடக்கக் கூட்டிப் போங்கள். ஷாக் அடிக்கும் காலர் மட்டும் வேண்டவே வேண்டாம். வலிக்குப் பயந்து ஆளைக் கடிக்கத் தொடங்கலாம்.