சொக்கர் ஊரில் சொக்காதவர்

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பேர் வந்ததற்கு ராத்திரி இரண்டு மணிக்கும் ஆவி பறக்கும் இட்லிக் கடைகள்தான் காரணம் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஓனரைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார். அவர் மாடியில், நான் கீழ் போர்ஷனில். மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை. தினம் காலை ஆறேகாலுக்கு அவருடைய ராத்திரிக் கதை. இரண்டிலும் பாக்கி வைக்கக் கூடாது.

"தம்பி, நேத்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை."

இதை அவர் சொல்கிற அழகைப் பார்க்க வேண்டும். துக்கம் விசாரிக்கிற குரலில்தான் ஆரம்பிப்பார். 'ஒரு பொட்டு' என்னும்போது ஆட்காட்டி விரல் நுனியில் கட்டை விரலை வைத்து அந்தப் பொட்டின் அளவைக் காட்டுவார். முடிக்கையில் பார்த்தால், மகள் டாக்டருக்குப் படிக்கிற சேதியைச் சொல்லும் தகப்பனின் களை முகத்தில் வந்திருக்கும். எதிரில் நிற்கிறவன் நன்றாகத் தூங்கி எழுந்தவன் என்று தெரிந்துவிட்டால் போச்சு. "உங்களுக்கென்ன தம்பி, கவலை இல்லாத மனுஷன்" என்பார். வாடகை கொடுக்கிறவனைப் பார்த்து வாடகை வாங்குகிறவர் சொல்கிற பேச்சா இது?

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரும்பாலும் ரிட்டயர் ஆன பிறகுதான் நன்றாகப் பழுக்கிறார்கள். எங்கள் ஓனர் தணிக்கைத் துறையில் 34 வருஷம் இருந்தவர். அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே தலை நரைத்தவர். சர்வீஸ் முடிந்ததும் தணிக்கை பண்ண வீட்டில் வேறொன்றும் மிஞ்சவில்லை. தன் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஜாதிக்காயை உரசிப் பாலில் கலந்து குடித்தார். கசகசா அரைத்துப் பார்த்தார். அமுக்கராப் பொடி தனி டப்பாவில் இருக்கிறது. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டால் கண் குளிரும் என்று யாரோ சொல்ல, தாராளமாகத் தேய்த்துக்கொண்டு படுத்தவர், ஒரு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்து, மொசைக் தரையில் ஹாலிலிருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் நடக்காமலே போய்ச் சேர்ந்தார். அன்றைக்குக் கீழ் வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதற்காகக் கட்டிலை இழுத்த காலம் ஒன்று உண்டு. என் தலைக்கு மேலே 'கர்ர்ர்' என்று சத்தம் கேட்டால், சார் இன்று எந்தத் திசை என்று என்னால் சொல்லிவிட முடியும்.

கடைசியில் ஓனரம்மாதான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீனாட்சி கோயிலில் தினம் ராத்திரி சொக்கருடைய பாதத்தைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, மேளதாளத்தோடு அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். அதைப் பார்த்து நிற்கிற கூட்டம் அப்படியே உருகிப் போகும். "சாமியே நேரத்துக்குப் படுக்கப் போகுது, பாருங்க" என்று அந்த அம்மா சொன்னாராம். திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னது இது: "ஏழு நிமிஷம் லேட், தம்பி. அப்புறம், கதவைச் சாத்தினதோட சரி. அவருக்குத் தூக்கம் வந்துச்சா இல்லையான்னு யாரு பாத்தா?"

மூச்சுப் பயிற்சியையும் விடவில்லை. ஆண்ட்ரூ வெய்ல் என்ற அமெரிக்க டாக்டர் பரப்பிய முறை: நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஏழு எண்ணி அடக்கி, எட்டு எண்ணி விட வேண்டும். நல்ல பயிற்சிதான், நானே செய்து பார்த்திருக்கிறேன். இரண்டாவது சுற்று முடிந்தது எனக்கு ஞாபகம் இல்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மூச்சுக்கு 19 வினாடி, எட்டு மணி நேரத்துக்கு 28,800 வினாடி, ஆக ராத்திரிக்கு 1,515 மூச்சு என்று கணக்குப் போட்டுவிட்டார். "15 வினாடி மிச்சம் வருது தம்பி. அதை எந்தத் தலைப்புல காட்டுறது?" அந்த யோசனையிலேயே விடிந்துவிட்டது.

இத்தனைக்கும், பெரியார் நிலையத்தில் திருப்பரங்குன்றம் டவுன் பஸ் ஏறினால் பழங்காநத்தம் வருவதற்குள் ஜன்னல் கம்பியில் தலை முட்டும். கேட்டால், "வெயிலுக்குக் கண்ணை மூடியிருந்தேன்."

போன வருஷம் ஒரு டாக்டரிடம் போனார். கெட்டிக்கார டாக்டர், மாத்திரை எழுதவில்லை. முதலில் ராத்திரி ஒன்பது மணிக் காபியை நிறுத்தச் சொன்னார். காபியில் உள்ள கஃபைனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்று விளக்கினார். இவர், "மீதிப் பாதி எங்க போகுது?" என்றார். அடுத்தது கட்டில் விஷயம். கட்டில் தூங்குவதற்கு மட்டும்தான். இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பி வாருங்கள் என்றார். ரிச்சர்ட் பூட்ஸின் என்கிற உளவியலாளர் 1972இல் சொன்ன வழி இது, இன்றைக்கும் டாக்டர்கள் கைவிடவில்லை. ஆனால் இருபது நிமிஷம் ஆனது தெரிய வேண்டுமே! கட்டிலுக்கு நேர் எதிரே ரேடியம் முள் வைத்த கடிகாரம் ஒன்று வாங்கி மாட்டினார். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத் தலைமாட்டில் இன்னொன்று.

மூன்றாவதாக டாக்டர் சொன்னதுதான் வம்பு. படுத்தது, எழுந்தது, தூங்கியது எல்லாவற்றையும் குத்துமதிப்பாக இரண்டு வாரம் குறித்து வாருங்கள், காலையில் எழுதினால் போதும் என்றார். 'குத்துமதிப்பு' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு இவரிடம் தப்பித்தவர் சர்வீஸிலேயே கிடையாது. நீளமான கணக்கு நோட்டு, சிவப்புப் பேனா, ஸ்கேல் எல்லாம் தலையணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. வரிசை எண், மணி, நிகழ்வு, குறிப்புரை என்று நாலு பத்தி. எனக்கே காட்டினார்.

11.10, விளக்கு அணைப்பு. 11.32, எதிர்வீட்டு நாய், மூன்று குரைப்பு. 12.05, கூர்க்கா விசில். 12.40, கீழ் வீட்டில் குழாய் திறப்பு (குறிப்புரை: வாடகைதாரர், தண்ணீர் விரயம்). 1.50, 'மீண்டும் நா' என்று அச்சடித்த மாதிரி எழுத்து. அதற்கப்புறம் 'ய்' இல்லை. சிவப்புக் கோடு ஒன்று சரிந்து இறங்கி, குறிப்புரைப் பத்தியைக் கடந்து, நோட்டின் விளிம்போடு போய்விட்டது. மிச்சக் கோடு தலையணை உறையில் இருப்பதாக ஓனரம்மா சொன்னார். அடுத்த பதிவு: 5.45, பால் பாக்கெட்.

"சார், இந்த 1.50லேருந்து 5.45 வரைக்கும்?"

"யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நாலு மணி நேரமா?"

"3 மணி 55 நிமிஷம்" என்று திருத்தினார்.

அப்படிச் சரிந்த கோடு பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. டாக்டர் அதையெல்லாம் எண்ணிவிட்டு, தூங்கினதே தெரியாமல் தூங்குகிறவர்களும் உண்டு, அதற்குப் பாரடாக்ஸிகல் இன்சோம்னியா என்று பேர் இருக்கிறது, மூளையின் அலைகளைப் பதிவு பண்ணிப் பார்த்தால் தூக்கம் தெரியும், ஆள் மட்டும் தூங்கவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார் என்றாராம். லஞ்சம் வாங்கினதாகச் சொல்லியிருந்தால்கூட சாருக்கு முகம் அப்படிச் சிவந்திருக்காது. "கையெழுத்துப் போட்ட ரிக்கார்டு இருக்கு. அதை நம்பாம, நான் தூங்கினேங்கிறார் தம்பி!" டாக்டரை மாற்றிவிட்டார். நோட்டை மாற்றவில்லை, இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

விடிகாலையில் எங்கள் தெருப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடிப்படியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். கும்பிடுங்கள். வைகையில் தண்ணி வருதா என்று கேளுங்கள். "நல்லாத் தூங்கினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கையில் பால் பாக்கெட் இருந்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் திரிந்துவிடும்.