சாவி யார் கையில்?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தைப் பத்து வருஷமாக நடத்திய அண்ணன் வேலை மாற்றலில் பெங்களூரை விட்டுப் போகிறார். பிள்ளைகள் சிதறிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, ஃபிரேசர் டவுன்

பதில்: அண்ணன் போகட்டும், அலமாரிச் சாவி அவரோடு போய்விடக் கூடாது! கீபோர்டு, காணிக்கை நோட்டு, வாட்ஸ்ஆப் அட்மின் எல்லாம் பெரும்பாலும் ஒருவரிடமேதான் இருக்கும். இந்த மாதமே இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு கூட்டத்தைப் புதியவர் நடத்தட்டும். அண்ணன் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்காரட்டும். தடுமாற்றம் வரும். அவர் ஊரில் இருக்கும்போதே வந்துவிட்டால் நல்லதுதானே!

நம் சேலத்துக்காரர் கே.டி. பால் 1916இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். திடீரென்று வந்து உட்காரவில்லை, முன்பிருந்த கார்ட்டர் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து வேலை பார்த்துப் பழகியவர். மோசேயும் யோசுவாவிடம் மூலையில் வைத்தா பொறுப்பைக் கொடுத்தார்? சபையார் எல்லாருக்கும் முன்பாக அவன்மேல் கைகளை வைத்தார். போதகரிடம் சொல்லி ஆராதனையிலேயே அதைச் செய்யுங்கள். அதன்பிறகு, "புது ஆள் சரியில்லை அண்ணா" என்று போன் போடும் முதல் ஆளாக மட்டும் நீங்கள் இருந்துவிடாதீர்கள்.